நம் மண்ணில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

திருக்கோகர்ணம் நமக்குப் புதிய ஊர் அன்று. புதுக்கோட்டை நகரை ஒட்டிக் கிடக்கும் அவ்வூரில், பாறையைக் குடைந்து எடுத்த கோகர்ணேசுவரர் கோயிலும், தொண்டைமான் மன்னர்கள் தங்கள் குலதெய்வமாகப் போற்றிய பிரகதாம்பாள் சந்நிதியும் இருக்கின்றன. அருங்காட்சியகம் இருப்பதும் அங்கேதான். அவ்வூரில் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். அவர் பெயரைக் கேள்விப்படாதவர் நம்மில் இலர். பொது அறிவுப் போட்டிகளில் அவரைப் பற்றிய வினாவுக்கு விடை சொல்லிப் பரிசு வாங்கியவர்களும் உண்டு. ஆனால், அந்த அம்மையார் யாரை நினைந்து நினைந்து வாழ்நாள் முழுதும் உழைத்தார் என்று வினவினால் நம்மில் பலருக்கு விடை தெரியாது. அதைச் சொல்லவே இங்கு முற்படுகிறோம்.

தந்தையார் நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மன்னர் கல்லூரியின் முதல்வராய் இருந்தவர். தாயார் சந்திரம்மாள், கோயிலில் பொட்டுக் கட்டும் வழக்கமுடைய குலத்தில் தோன்றியவர். இவர்களுடைய இல்லறத்தை ஐயரின் உறவினர்கள் ஏற்கவில்லை. அவரை ஒதுக்கி வைத்தனர். ஆகவே குழந்தை முத்துலட்சுமிக்குத் தந்தை வழிச் சுற்றம் என்று ஒன்று இல்லாமற்போயிற்று. தாய் வழி உறவினரோடுதான் நெருக்கம். அந்த வீடுகளில் அவர் கண்டதும் கேட்டதும் பிற்காலத்தில் சட்டமன்றம் வரை அவரைத் துரத்திக்கொண்டு வந்தன.

பொட்டுக் கட்டுதல் என்பது என்ன என்று இன்றைய மாணவியருக்குச் சற்று விளக்க வேண்டும். சிறு பெண் ஒருத்தியைப் பருவம் எய்துவதற்கு முன்பே இறைவனுக்கு மனைவி என்று சொல்லிக் கழுத்தில் தாலிப் பொட்டு அணிவிப்பார்கள். அதன்பின் அவள் வேறொருவரை மணக்க இயலாது. ஆடலும் பாடலும் கற்றுக் கோயில் பணி செய்வாள். கலைக்கும் கல்விக்கும் இப்பெண்கள் ஆற்றிய தொண்டு பெரிது. எழுத்தறிவே பெண்களுக்கு மறுக்கப்பட்ட நாட்களில் அவர்கள் நூல்களைக் கற்றவர்கள். ஆயினும் காலப்போக்கில் அக்குலத்துச் சிறுமியரின் வாழ்வு செல்வந்தர்களின் விருப்பத்துக்கு உட்பட்டதாக ஆயிற்று. குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஏழெட்டு வயதுக் குழந்தை என்ன மறுமொழி சொல்லும்?

இதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. கோயில் பணிக்கு மானியமாக நிலம் விடப்பட்டிருந்தது. பணி செய்யப் பெண் இருந்தால்தான் நிலம் குடும்பத்தில் தங்கும். ஒரு தலைமுறையில் பெண்ணைப் பொட்டுக் கட்டாமல் விட்டால் நிலம் கைவிட்டுப் போகும். ஆகவே தாயும் பாட்டியுமே முன்னின்று குழந்தையைக் கோயிலுக்கு விட நேர்ந்தது. அவர்களைக் கல்நெஞ்சர் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சோற்றுக்கு வழி அந்த நிலம் ஒன்றுதான் என்பதை எண்ணிப் பார்த்தால் அப்படிச் சொல்ல நா எழாது. இந்த முடிச்சைச் சரியாகக் கண்டுகொண்டவர் நம் அம்மையார். அதனால்தான், பின்னர் நாம் காணப்போவது போல, சட்டத்தின் முதல் வெட்டு நிலத்தின் மீது விழுந்தது.

முத்துலட்சுமி படிப்பில் கெட்டிக்காரி. பதின்மூன்று வயதளவில் பள்ளியை விட்டு நிறுத்த வேண்டிய வழக்கம் குறுக்கிட்டபோது தந்தையாரே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார். தாயாருக்கோ மகளுக்கு நல்லபடியாக மணம் முடிந்தால் போதும் என்ற கவலை. தம் குலத்துப் பெண்களின் கதி தம் மகளுக்கு நேரக்கூடாது என்ற அச்சம் அந்தத் தாய்க்கு இருந்திருக்கும் என்றே நாம் கருதுகிறோம். 1902-இல் மெட்ரிக்குலேஷன் தேர்வில் தனியாக எழுதித் தேறினார். அடுத்துக் கல்லூரியில் சேர வேண்டும். புதுக்கோட்டையில் இருந்ததோ ஆண்கள் கல்லூரி ஒன்றே. ஒரு பெண் வந்தால் மாணவர் ஒழுக்கம் கெடும் என்று எதிர்ப்பு எழுந்தது. அவர் தாயாரின் குலத்தைச் சுட்டிக் காட்டிய எதிர்ப்பும் இருந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தடைகளைப் புறந்தள்ளி அனுமதி வழங்கினார், உதவித்தொகையும் கொடுத்தார். 1904-இல் மன்னர் கல்லூரியின் முதல் மாணவியாக முத்துலட்சுமி அடியெடுத்து வைத்தார். நம் அக்காமார்கள் பலர் இன்று அக்கல்லூரிக்குப் பேருந்தில் சிரித்துப் பேசிக்கொண்டு செல்கிறார்கள். அன்று அந்த ஒரே மாணவி மூடிய வண்டியில் போய்த் திரைக்குப் பின் அமர்ந்து பாடம் கேட்டார்.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-இல் எம்.பி. அண்ட் சி.எம். என்னும் மருத்துவப் பட்டம். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பணி. இவ்வாறு இரண்டு வரியில் நாம் எழுதிவிட்டாலும் ஒவ்வொரு படியும் அவருக்கு மலையேற்றமாகவே இருந்தது. சரோஜினி நாயுடு, அன்னி பெசன்ட் போன்றோரின் தொடர்பு சென்னையில்தான் கிடைத்தது.

மணம் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் பெற்றோர்கள் இதைச் சற்று நிதானித்துப் படிக்கலாம். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை அவர் மணந்தபோது, 1872-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனைக்கு அவர் உடன்பட்ட பிறகே அம்மையார் இசைந்தார். டாக்டர் ரெட்டி கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். 1943-இல் அவர் மறையும்வரை மனைவியின் பொதுப்பணிக்கு அவர் தடையாய் இருந்ததில்லை.

மருத்துவராக இருந்தமையால், மற்றவர்கள் பேச்சோடு விட்டுவிட்ட கொடுமைகளை அம்மையார் நோயாளியின் உடலிலே கண்டார். குழந்தை மணத்தால் பதின்மூன்று பதினான்கு வயதில் தாயாகிப் பிரசவத்தில் மாண்ட சிறுமியர். ஆண்கள் கொண்டுவந்து கொடுத்த நோயைச் சுமந்து, பழியையும் தாமே சுமந்த பெண்கள். பொட்டுக் கட்டப்பட்டு, பின்பு கைவிடப்பட்ட பெண்கள். இவர்களுக்குப் பத்திரிகையில் இரங்கல் செய்தி வரவில்லை. கல்லறையில் பெயர் வெட்டுவாரும் இல்லை.

கனடா நாட்டில் ஆண்டுதோறும் மே 5-ஆம் நாள் மரக்கிளைகளிலும் வீட்டு முகப்புகளிலும் ஆளில்லாத சிவப்பு ஆடைகளைத் தொங்கவிடுகிறார்கள். காணாமற்போன, கொலையுண்ட பழங்குடிப் பெண்களின் நினைவாக அது நடைபெறுகிறது. ஜெய்மி பிளாக் என்னும் பழங்குடிக் கலைஞர் 2010-இல் தொடங்கிய வழக்கம் அது. உடுத்த வேண்டியவள் இல்லாமல் உடை மட்டும் காற்றில் ஆடுவதைப் பார்ப்பவர் மறக்க இயலாது என்கிறார்கள். பழங்குடிச் சிறுமியரைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அந்நாட்டு விடுதிப் பள்ளிகளில் வைத்து வளர்த்த கதையும் அத்துன்பத்தின் பின்னே இருக்கிறது. அப்பள்ளிகளில் பலவற்றை நம் திருச்சபையின் துறவியர் நடத்தினர் என்பதையும், திருத்தந்தை பிரான்சிஸ் 2022-இல் அங்கு சென்று மன்னிப்புக் கேட்டார் என்பதையும் மறைக்காமல் சொல்வதே முறை. அங்கே உடைகளால் நினைக்கிறார்கள். நம் அம்மையார் தாம் இழந்தவர்களுக்காகச் சட்டம் இயற்றப் போராடினார், வீடு கட்டினார், மருத்துவமனை எழுப்பினார். முறை வேறு, துயரம் ஒன்றே.

1917-இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தில் அம்மையார் ஈடுபட்டிருந்தார். 1926-இன் இறுதியில் சென்னை சட்ட மேலவைக்கு ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும் என்று அச்சங்கம் முயன்றபோது, அவருக்கே அந்த இடம் வந்தது. மருத்துவத் தொழிலை விட்டு அரசியலுக்கு வர அவருக்கு முதலில் மனமில்லை. ஆயினும் ஏற்றார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண் அவரே. அவையோர் அனைவரும் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தனர்.

1927 நவம்பரில், பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் வேண்டும் என்ற தீர்மானத்தை அவையில் கொண்டுவந்தார். சிறுமியரை இழிதொழிலுக்கு விற்பதும் வாங்குவதும் இந்தியத் தண்டனைச் சட்டப்படி ஏற்கெனவே குற்றம். அப்படியிருக்க, கோயிலின் பெயரால் செய்தால் மட்டும் அது எப்படிக் குற்றமில்லாமல் ஆகும் என்பது அவர் வாதம். மைசூர் அரசு தன் கோயில்களில் இவ்வழக்கத்தை முன்பே நிறுத்தியதையும் எடுத்துக் காட்டினார்.

1929-இல் அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் நிறைவேறியது. மானிய நிலத்துக்கும் கோயில் பணிக்கும் இருந்த தொடர்பை அது அறுத்தது. நிலம் வைத்திருந்த பெண்கள் இனிப் பணி செய்யாமலே அதை வைத்துக்கொள்ளலாம். மகளைப் பொட்டுக் கட்டினால்தான் நிலம் என்ற கட்டாயம் இல்லை. முதலில் வயிற்றுக்கு வழி செய்துவிட்டுப் பிறகு வழக்கத்தில் கை வைத்தார் என்பதில்தான் அவருடைய மதிநுட்பம் விளங்குகிறது. வழக்கத்தையே அடியோடு தடை செய்யும் மசோதாவை 1930-இல் கொண்டுவந்தார். ஆனால் அவ்வாண்டு காந்தியடிகள் சிறைப்பட்டதும் தம் பதவியைத் துறந்து வெளியேறினார். மசோதா அந்தரத்தில் நின்றது.

எதிர்த்தவர்கள் பலர். தேசபக்தியில் யாருக்கும் குறையாத சத்தியமூர்த்தி அவர்கள்கூட இவ்விஷயத்தில் அம்மையாருக்கு எதிர்ப்பக்கம் நின்றார். எல்லாவற்றிலும் கசப்பானது, அக்குலத்துப் பெண்களிலேயே ஒரு சாரார் எதிர்த்ததுதான். திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் சமாதிக்குத் தம் பொருளையெல்லாம் கொடுத்த பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் ஒருவர். தங்கள் கலையையும் பக்தியையும் மரியாதையையும் இழிதொழிலோடு ஒன்றாகக் கட்டிப் பேசுவதை அவர்கள் பொறுக்கவில்லை. அதற்கு நேர்மாறாக, அக்குலத்தில் வளர்ந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், ஊர் ஊராகச் சென்று இவ்வழக்கத்துக்கு எதிராகப் பேசினார். 1936-இல் ஒரு நாவலே எழுதி வெளியிட்டார். முத்துலட்சுமி அம்மையாருக்குச் சட்டசபையில் மதிப்பு இருந்தது. ராமாமிர்தம் அம்மையாருக்கு மேடையில் வசைகளே மிகுதி. இருவரில் ஒருவரைப் பற்றி எழுதும்போது மற்றவரை விட்டுவிடுதல் நியாயமன்று.

நாகரத்தினம்மாள் போன்றோர் சொன்னதை இன்று படிக்கும்போது அதில் உண்மை அறவே இல்லை என்று தள்ள நம்மால் முடியவில்லை. சிறுமியரைக் காப்பாற்றியது சட்டம், அதில் ஐயமில்லை. ஆனால் ஏற்கெனவே பொட்டுக் கட்டப்பட்டு வயது முதிர்ந்துவிட்ட பெண்களுக்கு என்ன ஆயிற்று? ஆடிய கால்கள் ஓய்ந்தன. அவர்களுடைய சதிர், பரதநாட்டியம் என்னும் புதுப் பெயரோடு வேறு வீட்டுப் பெண்களின் கலையாயிற்று. ஆண்டு விழாவில் நம் மாணவியர் சலங்கை கட்டி ஆடும்போது பெற்றோர்கள் பூரித்துப் போகிறார்கள். அந்த அடவுகளைப் பல தலைமுறைகளாகக் காப்பாற்றித் தந்த பெண்கள் யார் என்று யாரும் கேட்பதில்லை.

நம் மாவட்டத்திலேயே இதற்குச் சான்று உண்டு. விராலிமலை முருகன் கோயிலில் சதிர் ஆடிய முத்துக்கண்ணம்மாள், ஏழு வயதில் பொட்டுக் கட்டப்பட்டவர். முப்பத்திரண்டு பெண்கள் அக்கோயிலில் பணி செய்தனர். நாள்தோறும் மலைப்படி ஏறி ஆடியும் பாடியும் வந்தனர். அவர்களுள் கடைசியாக எஞ்சியவர் இவர். நெடுங்காலம் வறுமையில் உழன்றபின் 2022-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. முத்துலட்சுமி அம்மையாரையும் முத்துக்கண்ணம்மாளையும் ஒரே நேரத்தில் நினைப்பது சிலருக்கு முரணாகத் தோன்றலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவர் அக்கொடுமையை நிறுத்தினார்; மற்றவர் அதன் நடுவே கலையைக் காத்தார்.

தடைச் சட்டம் ஒருவழியாக 1947-இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சிக் காலத்தில், நிறைவேறியது. தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் இடையே இருபது ஆண்டுகள்! நம் புதுக்கோட்டையோ அப்போது தனிச் சமஸ்தானம். சென்னை மாகாணச் சட்டம் இங்கே செல்லாது. 1948 மார்ச் 3-ஆம் நாள் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பின்னரே நாமும் மாகாணச் சட்டங்களின் வட்டத்துக்குள் வந்தோம். அதாவது, இந்தச் சட்டத்துக்காகப் போராடியவர் பிறந்த ஊர் அதன் நிழலுக்குக் கடைசியில்தான் வந்தது.

நலிந்த பெண்களுக்கு நீதி இவ்வாறு மெல்ல மெல்ல வருவது பழங்கதை என்று எண்ண வேண்டா. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி என்னும் மலைவாழ் மக்களின் சிற்றூரில், 1992 ஜூன் மாதம் சந்தனக் கட்டை தேடுவதாகச் சென்ற அரசு ஊழியர்கள் ஊரைச் சூறையாடினர். பதினெட்டுப் பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். வழக்கின் தீர்ப்பு 2011-இல் வந்தது. அதனைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் உறுதி செய்தது. முறையிட்ட பெண்களில் தீர்ப்பைக் கேட்கும் முன்பே கண்மூடியவர்களும் உண்டு.

சட்டம் வரட்டும் என்று அம்மையார் கைகட்டிக் காத்திருக்கவில்லை. 1930-ஆம் ஆண்டில் ஓர் இரவு, பொட்டுக் கட்டும் குலத்தைச் சேர்ந்த மூன்று சிறுமியர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். அந்த வாழ்வு வேண்டாம் என்று வந்தவர்கள். சென்னையில் அன்றிருந்த மாணவியர் விடுதிகளில் சேர்க்க முயன்றார். பிராமணப் பெண்களுக்கான விடுதியிலும் இடமில்லை, மற்றவர்களுக்கான விடுதியிலும் இடமில்லை. குலத்தின் பெயரைக் கேட்டதும் கதவுகள் சாத்திக்கொண்டன. தாமும் அதே குலத்துத் தாயின் மகள் அல்லவா? கல்லூரி வாயிலில் தமக்கு நேர்ந்தது அவருக்கு மறந்திருக்குமா? மூவரையும் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அந்த மூவரிலிருந்து வளர்ந்ததுதான் அவ்வை இல்லம். ஆதரவற்ற சிறுமியர்க்கு உணவும் உடையும் கல்வியும் கைத்தொழிலும் கொடுத்து, அடையாற்றில் சொந்த இடத்தில் பள்ளியோடு அது நிலைபெற்றது. சாதி கேளாமல் சேர்க்க வேண்டும் என்பது அங்கே முதல் விதி. நம் விடுதியில் இருக்கும் மாணவியர்க்கு அவ்வை இல்லத்தின் அருமை மற்றவர்களைவிட நன்கு விளங்கும். இரவு ஒன்பது மணிக்கு ஒரு பெண் குழந்தை மூட்டையோடு வாயிலில் வந்து நின்றால், பெயர் எழுதும் முன் சோறு போடும் வழக்கத்தை நம் அருட்சகோதரிகளும் கைக்கொண்டிருக்கிறார்கள்.

இனி, அம்மையாரின் சொந்தத் துயரத்துக்கு வருகிறோம். 1920-களின் தொடக்கத்தில் அவருடைய தங்கை நோயுற்றார். இளம் வயது. சீதபேதி என்று கருதி மருத்துவம் செய்தார்கள். நோய் பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் வந்த புற்று என்று தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. தமக்கை மருத்துவர், தமக்கையின் கணவரும் மருத்துவர், அந்த வீட்டிலேயே நோய் இன்னதென்று அறியப்படாமல் ஓர் உயிர் போயிற்று. அப்படியானால், கிராமத்தில் இலையும் விபூதியும் தவிர வேறொன்றும் எட்டாத ஏழைப் பெண்ணின் கதி என்ன? இந்தக் கேள்வி அவரை விடவில்லை. 1925-இல் உதவித்தொகை பெற்று மேற்படிப்புக்காக லண்டன் சென்றபோது, பெண்கள் நோய் மருத்துவத்தோடு புற்றுநோய் மருத்துவமனைக்கும் சென்று அங்கு நோயைக் கண்டறியும் முறைகளையும் சிகிச்சை முறைகளையும் கவனித்தார்.

1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணத்தை வெளியிட்டார். அன்று அந்நோய் வந்தவர் பிழைப்பதில்லை என்பதே பொது நம்பிக்கை. சாகப் போகிறவர்களுக்காக ஏன் செலவு செய்ய வேண்டும் என்ற நினைப்பு அதிகாரிகளிடமும் இருந்தது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1949-இல், மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கினார். அப்போது அவருக்கு வயது அறுபத்துமூன்று. மற்றவர்கள் ஓய்ந்து அமரும் வயதில் அவர் நிதி திரட்டப் புறப்பட்டார். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் நாள் அடையாற்றில் பன்னிரண்டே படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதன் பொறுப்பை ஏற்றார். மறு ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் இறக்கும்வரை அந்த வளாகத்தையே வீடாகக் கொண்டு ஏழை நோயாளிகளுக்கு உழைத்தார். பன்னிரண்டு படுக்கைகள் பல நூறாகப் பெருகின.

அம்மையார் பெற்ற சிறப்புகளை விரிக்கப் புகுந்தால் இடம் போதாது. கல்வி வளர்ச்சியை ஆராய்ந்த ஹார்டாக் குழுவில் உறுப்பினர், அகில இந்திய மாதர் மாநாட்டின் தலைவர், 1956-இல் பத்மபூஷண். பெண்ணின் மண வயதை உயர்த்தவும், இழிதொழில் விடுதிகளை மூடவும் அவர் குரல் கொடுத்தார். அவருடைய மற்றொரு தங்கை நல்லமுத்து ராமமூர்த்தி, சென்னை ராணி மேரிக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானார். ஒதுக்கி வைக்கப்பட்ட அந்தத் திருக்கோகர்ணத்து வீட்டிலிருந்து இத்தனை வெளிச்சம்! தமிழக அரசு ஏழைத் தாய்மார்க்கு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்குகிறது. 2019 முதல் அவர் பிறந்த ஜூலை 30, அரசு மருத்துவமனைகளில் மருத்துவமனை நாளாகக் கொண்டாடப்பெறுகிறது. நம் பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று, அந்த உதவிப் பணத்தை வாங்கிய தாய்மார்கள் இவ்விதழைப் படிப்போரிலும் இருப்பர்.

1968 ஜூலை 22-ஆம் நாள் அம்மையார் சென்னையில் காலமானார். எண்பத்திரண்டாம் பிறந்த நாளுக்கு எட்டு நாட்களே இருந்தன. நம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து, கையில் மருத்துவச் சீட்டும் மடியில் கொஞ்சம் பணமுமாகச் சென்னைப் பேருந்து ஏறி, அடையாறு எங்கே என்று வழி கேட்டுச் செல்லும் பெண்களை நாம் இன்றும் காண்கிறோம். நோயை முன்னதாகக் கண்டுகொண்டதால் பிழைத்துத் திரும்பி வருவோர் அவர்களில் பலர். உரிய காலத்தில் நோய் அறியப்படாமல் இறந்துபோன ஒரு புதுக்கோட்டைப் பெண்ணின் நினைவில் எழுந்த இடத்துக்குத்தான் போய் வந்தோம் என்பதை அவர்கள் அறிவதில்லை.